பட்டுப்போன கிளையில் குக்குறுவான் கூடு: கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் எங்க பிளாட்டுக்கு முன்னாடி ஒரு முருங்கை மரம் நிக்குது. அதுல பட்டுப்போன ஒரு கிளையில செம்மார்புக் குக்குறுவான் ஜோடி ஒண்ணு பொந்து குடைஞ்சிருக்கு. கிளையின் அடிப்பக்கமா, மழை இறங்காத மாதிரி, காம்பஸ் வச்சு வரைஞ்ச கணக்கா வட்டம்! பத்து நாளா காலையில காபியோட பால்கனியில்தான் இருக்கேன். அலகைத் திறக்காமலே, தொண்டை மட்டும் உப்பி உப்பி, 'டொக் டொக்'னு செம்பு தட்டுற சத்தம். நெத்தியில சிவப்பு, தொண்டையில மஞ்சள். பங்குனி வந்தா குயிலும் தேன்சிட்டும் சேர்ந்து தெருவே கச்சேரிதான்.

இப்போ பிரச்சினை என்னன்னா, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளையை வெட்டப் போறாங்களாம். கார் மேல விழுந்துடும்னு பயம். அதுவும் நியாயமான பயம்தான். ஆனா உள்ளே முட்டை இருக்கும்னு நினைக்கிறேன், ரெண்டும் மாறி மாறி உள்ளே போய் உட்காருது. அடைகாக்க ரெண்டு வாரம், குஞ்சு பறக்க அதுக்கு மேலயும் சில வாரம் ஆகும்.

அதுவரைக்கும் கிளையைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்த முடியுமா? யாராவது செஞ்சிருக்கீங்களா? அசோசியேஷன்ல எப்படிப் பேசினா கேப்பாங்க? ஞாயிறுக்குள்ள சொல்லுங்க, ப்ளீஸ்.