பயத்லான் டேட்டா வச்சு ப்ராஜெக்ட்: ஒரு ரேஸ் டைமை இன்னொரு ரேஸோட எப்பிடி ஒப்பிடுறது?

வெள்ளவத்தை_பெடியன்:

சிரிக்கிற ஆக்கள் முதல்லயே சிரிச்சு முடியுங்கோ. வெள்ளவத்தையில ஃபேனுக்குக் கீழ வேர்த்து வழிய இருந்துகொண்டு பயத்லான் பற்றிக் கேக்கப்போறன், அதான் பனியில ஸ்கீயில ஓடி, இடையில நிண்டு துவக்கால இலக்குச் சுடுற போட்டி. மாமா குடும்பம் ஒஸ்லோவில, அங்க விண்டர் முழுக்க டிவியில இதுதானாம், மச்சான் லிங்க் அனுப்பி அனுப்பி இப்ப எனக்கும் பைத்தியம் பிடிச்சிட்டுது, அங்க பின்னேரம் ரெண்டரைக்குத் தொடங்கினா எங்களுக்கு இரவு ஏழு, டியூஷன் குடுத்திட்டு வந்து இருக்க சரியா இருக்கும்.

விசயம் என்னண்டா, ஃபைனல் இயர் ஸ்டாடிஸ்டிக்ஸ் ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்திட்டன் (சேர் "கிரிக்கெட்டில ஏதும் செய்யனப்பா" எண்டு முகத்தைச் சுழிச்சவர்). ஒரே ஒரு வீரரை மட்டும் எடுத்து எக்ஸெல்ல ஏத்தியிருக்கிறன். ரெண்டு இடத்தில குழம்பி நிக்கிறன். ஒண்டு, அதே 10 கிலோமீற்றர் ஸ்பிரிண்ட், ஒரு கிழமை 22 நிமிசச் சொச்சம், அடுத்த கிழமை 25 நிமிசச் சொச்சம், அப்ப ஆள் ஸ்லோவாயிட்டாரா? மற்றது துவக்குச் சூடு. போன சீசன் 300 குண்டில 273 பட்டிருக்கு, 91%. இந்த சீசன் இதுவரை 64ல 56, அதாவது 87.5%. கொமெண்டரியில "ஷூட்டிங் விழுந்திட்டுது" எண்டு கத்துறாங்கள். உண்மையா விழுந்திட்டுதா?

கொட்டாஞ்சேனை_கணக்கர்:

மச்சான் நிமிஷக் கணக்க தூக்கி குப்பையில போடு. பனி ஒவ்வொரு நாளும் வேற, காஞ்ச குளிர்ல ஒரு மாதிரி வழுக்கும், ஈரப்பனின்னா சேத்துல சைக்கிள் மிதிக்கிற மாதிரி, அதோட ஸ்கீக்கு அடியில பூசுற மெழுகு சரியா விழலன்னா முழு டீமும் போச்சு, ஏத்த இறக்கமும் இடத்துக்கு இடம் மாறும். அதனால அந்த ஆளோட டைம அண்ணைக்கு ஓடின மத்தவங்களோடதான் பார்க்கணும்.

சும்மா ஒரு கணக்கு சொல்றேன். முதல் 30 பேரோட மீடியன் (வரிசையில நடுவுல வர்ற டைம்) 22:00, உன்னோட ஆள் 22:33. 33ஐ 1320 செக்கனால பிரி, 2.5% பின்னால. அடுத்த கிழமை ஈரப்பனி, மீடியன் 25:00, இவர் 25:30. இப்ப 2% தான் பின்னால. மூணு நிமிஷம் கூட எடுத்தும் ரெண்டாவது ரேஸ்தான் நல்ல ரேஸ்.

ஏன் மீடியன், ஏன் ஜெயிச்சவனோட ஒப்பிடக்கூடாதுன்னு கேப்ப. 2023 ஓபர்ஹொஃப் (ஜெர்மனி) உலக சாம்பியன்ஷிப்ல நோர்வேக்காரர் யோஹன்னஸ் போ 5 கோல்ட் அடிச்சாரு, அப்படி ஒருத்தர் பறக்கிற அண்ணைக்கு மத்தவன் எல்லாம் மட்டமாத்தான் தெரிவான், ஆனா அவன் ஒண்ணும் மோசமா ஓடல. க்ரொஸ்கன்ட்ரியில (துவக்கு இல்லாம ஸ்கீ மட்டும் ஓடுறது) எஃப்ஐஎஸ்னு சர்வதேச ஸ்கீ சங்கம் பொயின்ட் போடுறது ஜெயிச்சவனை வச்சுத்தான், உன் டைமை அவன் டைமால பிரிச்சு, ஒண்ணை கழிச்சு, ஒரு நம்பரால பெருக்குவாங்க, தனித்தனியா விடுற ரேஸுக்கு அது 800, எல்லாரையும் ஒண்ணா விடுற மாஸ் ஸ்டார்ட்டுக்கு 1400. கூட்டமா வந்து சேர்றதால இடைவெளி சுருங்கிடும், அதை இழுத்து விடத்தான் பெரிய நம்பர். எனக்கு அந்த ஃபோர்முலா பெருசா பிடிக்காது.

இன்னொண்ணு, நீ எடுத்தது மொத்த டைம்னா தப்பு. அதுக்குள்ள சுடுற இடத்துல நிண்ட நேரமும் பெனால்டி லூப்பும் (மிஸ் பண்ணினா கூடுதலா ஓடுற சின்ன வட்டம்) கிடக்கு. ஐபியூ (சர்வதேச பயத்லான் சங்கம்) விடுற அனாலிசிஸ் ஷீட்ல கோர்ஸ் டைம்னு, ஸ்கீ ஓடின நேரம் மட்டும், தனியா ஒரு வரி வரும், அத மட்டும் எடு.

பம்பலப்பிட்டி_அக்கா:

தம்பி சூட்டுக்கு நான் சொல்றன். 91% சுடுற ஆள் 64 குண்டு சுட்டா சராசரியா 58 படும், உம்மட ஆளுக்கு 56. ரெண்டு குண்டு! எந்த மாற்றமும் இல்லாத ஆளுக்கே 8 இல்லாட்டி அதுக்கு மேல மிஸ் வாறது அஞ்சு தடவைக்கு ஒருக்கா எண்ட கணக்கில சும்மாவே நடக்கும், பைனோமியல்ல போட்டுப் பாரும். ஒரு ரேஸை வச்சுக் கதைக்கிறவையைக் கண்டா எனக்கு இன்னும் கோவம், 90% சுடுற ஒராள் 20க்கு 20 அடிக்கிறது 12% தான், அடிச்சா "என்ன மன உறுதி", அடுத்த கிழமை மூண்டு விட்டா "பிரஷர் தாங்கேலாது". இதுக்கெல்லாம் கதை கட்டத் தேவையில்லை.

படுத்துச் சுடுறதையும் நிண்டு சுடுறதையும் ஒண்டாப் போடாதையும். ரெண்டும் 50 மீற்றர்தான், ஆனா படுக்கேக்க இலக்கு 45 மில்லிமீற்றர், நிக்கேக்க 115.

மிஸ்ஸின்ர விலையும் ரேஸுக்கு ரேஸ் வேற. ஸ்பிரிண்டில ஒரு மிஸ் எண்டா 150 மீற்றர் லூப், இருபத்திச் சொச்சம் செக்கனோட போயிடும். 20 கிலோமீற்றர் இண்டிவிஜுவல்ல முழு ஒரு நிமிசம் ஏத்துவினம். அந்தக் காலத்தில இன்னும் மோசம், 1960ல ஸ்குவோ வேலி ஒலிம்பிக்கில முதல் தடவை பயத்லான் வைக்கேக்க ஒரு மிஸ்ஸுக்கு ரெண்டு நிமிசம். சுவீடன்காரன் க்ளாஸ் லெஸ்டாண்டர் ஸ்கீ டைமில 15ஆவது, ஆனா 20க்கு 20, கோல்ட். அண்டைக்கு ஆகலும் வேகமா ஓடின பிரெஞ்சுக்காரன் 20ல 18 விட்டவன். பாவம்.

தெஹிவளை_அங்கிள்:

மகளின்ர கணக்கு சரி, ஒரு சின்னத் திருத்தம். பைனோமியல் எண்டா ஒவ்வொரு குண்டும் தனித்தனி எண்டு எடுக்கிறீர். காலிமுகத்திடல்ல பட்டம் விட்ட ஆக்களைக் கேட்டுப் பாரும், காத்து ஒரு நிமிசம் இப்பிடி, மற்ற நிமிசம் அப்பிடி. ரேஸுக்கு முதல் சைட்டை அந்த நேரத்துக் காத்துக்குச் சரிபண்ணிப்போட்டு வருவினம், பிறகு காத்து திரும்பினா அஞ்சும் ஒரே பக்கம் போகும். ஓபர்ஹொஃப் காத்துக்கும் பனிமூட்டத்துக்கும் பேர்போன இடம். அப்ப சூட்டையும் அண்டைக்கு மற்றவை சுட்டதோடதான் ஒப்பிட வேணும், ஸ்கீ டைம் மாதிரியே.

அதைவிட தம்பி, உம்மட 64 எனக்கு இடிக்குது. ஒரு தரம் சுடப் போனா அஞ்சு குண்டு. ஸ்பிரிண்டில 10, மற்றதுகளில 20. எப்பிடிக் கூட்டினாலும் 64 வராது. ரிலேயைச் சேத்துட்டீரோ?

வெள்ளவத்தை_பெடியன்:

ஐயோ அங்கிள். ஓம். ஒரு ரிலே கிடக்கு. அதில ஒவ்வொரு தரமும் மூண்டு ஸ்பெயார் குண்டு இருக்கெல்லோ, ஆள் 10 இலக்குக்கு 14 குண்டு பாவிச்சிருக்கிறார், நான் அப்பிடியே கூட்டிப்போட்டன். போன சீசன் ஷீட்டில ரிலே இல்லை, அது வேற இடத்தில எடுத்தது.

ரிலேயைத் தூக்கினா 50ல 46. 92%. போன சீசனைவிடக் கூட!!

பம்பலப்பிட்டி_அக்கா:

இனி "ஷூட்டிங் முன்னேறிட்டுது" எண்டு எழுதிப்போடாதையும் 😂

கொட்டாஞ்சேனை_கணக்கர்:

😂😂 க்ரொஸ்கன்ட்ரி டேட்டாவையும் சேர்க்கிற ஐடியா இருந்தா க்ளாசிக்கையும் (நேரா தடத்துல ஓடுறது) ஸ்கேட்டிங்கையும் (பக்கவாட்டா தள்ளி ஓடுறது) பிரிச்சு வை, மாஸ் ஸ்டார்ட்ட ஆரம்பத்துலயே விட்டுரு. நோர்வே க்ரொஸ்கன்ட்ரி வீரர் க்ளேபோ 2025 ட்ரொண்ட்ஹைம் உலக சாம்பியன்ஷிப்ல ஆறுக்கு ஆறு கோல்ட், ஆனா கூட்டத்தோட போற ரேஸ்ல அவர் கடைசி ஏத்தம் வரைக்கும் பின்னால ஒளிஞ்சு வந்து அங்கதான் வெட்டுவாரு, அந்த சதவீதத்துல அவரோட வேகம் எங்க தெரியப்போகுது.

வெள்ளவத்தை_பெடியன்:

சரி மச்சான், ஸ்பிரிண்டும் இண்டிவிஜுவலும் மட்டும் எடுக்கிறன். முதல்ல இருந்து கோர்ஸ் டைம் ஏத்தவேணும், 19 ரேஸ். சேருக்கு அந்த 64 கதையை மட்டும் சொல்லேலாது.