ஆல்ட்டோ 800-க்கு 35 பேட்டரியா, 45-ஆ? மூணு கடையில மூணு பதில்

திருமங்கலம் டீச்சர்:
வணக்கம். வண்டி 2016 மாடல் ஆல்ட்டோ 800, பெட்ரோல். ஸ்கூலுக்கு நான் பஸ்லயே போயிர்றதால வாரம் பூரா வண்டி வீட்டு வாசல்லதான் நிக்கும். சனிக்கிழமை மட்டும் அப்பாவைக் கோரிப்பாளையம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எடுப்பேன். கொஞ்ச நாளா சனிக்கிழமை காலையில சாவியத் திருப்புனா டக் டக்னு சத்தம் வருது, டேஷ்போர்டு லைட்டெல்லாம் மங்குது, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டு வண்டியிலருந்து கேபிள் போட்டா உடனே ஸ்டார்ட் ஆயிருது. ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டு வந்து எடுத்தாலும் பிரச்சினை இல்லாம ஸ்டார்ட் ஆகுது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே டக் டக்.

பேட்டரி மாத்தி நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு கடையில 35 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு கரண்டு தேக்கும்ங்கிற அளவு) போதும்ங்கிறாங்க. இன்னொரு கடையில "நம்ம ஊர் வெயிலுக்கு 45 போடுங்க, தாங்கும்"னு சொல்றாங்க. மூணாவது கடையில செல் மாத்தி ரெடி பண்ணின பேட்டரி பாதி விலைக்குத் தர்றேங்கிறாங்க. பழைய பேட்டரி மேல 38 பி 20-னு இருக்கு, அடுத்த எழுத்து அழிஞ்சு போச்சு. அப்பாவுக்கு நேரத்துக்குப் போயாகணும், வழியில நின்னுறக் கூடாது. எதை வாங்கட்டும்?

மேலூர் விவசாயி:
யோசிக்காம 45 போடுங்க. என் வண்டிக்கு அப்படித்தான் பெருசா மாத்துனேன், நல்லா ஓடுது.

பழங்காநத்தம் எலக்ட்ரீசியன்:
தங்கச்சி, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிருங்க. ரெண்டு மணி நேரம் நிறுத்தி எடுத்தா ஸ்டார்ட் ஆகுது, ஒரு வாரம் நின்னா ஆகலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பேட்டரி மட்டும்தான் கெட்டுப் போச்சுன்னா ஆஸ்பத்திரி வாசல்லயும் ஒரு தடவையாவது தகராறு பண்ணியிருக்கும். வண்டி நிக்கிறப்ப ஏதோ ஒண்ணு கரண்டை உறிஞ்சுதோன்னு எனக்குச் சந்தேகம். ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக், ஜிபிஎஸ் மாதிரி வெளியில ஏதாவது மாட்டியிருக்கீங்களா?

முதல்ல ஒரு டிஜிட்டல் மீட்டர் எடுத்துக்கங்க. சனிக்கிழமை காலையில கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பானெட்டுக்குள்ள பேட்டரி வோல்டேஜ் பாக்கணும் (பானெட் லிவர் உள்ள இருக்கிறதால முந்தின நாள் ராத்திரியே அதை இழுத்து விட்டுருங்க). 12.6 இருந்தா முழு சார்ஜ். 12.2-னா பாதிதான். 12-க்குக் கீழ போனா காலின்னே வச்சுக்கலாம். அடுத்து, செல்ஃப் அடிக்கிறப்ப எவ்வளவுக்கு இறங்குதுன்னு இன்னொருத்தரைப் பாக்கச் சொல்லுங்க. 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி தளர்ந்துருச்சு, இல்ல அதுல சார்ஜே இல்ல. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8-லருந்து 14.5-க்குள்ள நின்னா டைனமோ சரியா ஏத்துது. இந்த மூணு நம்பரையும் இங்க எழுதுங்க.

டிப்போ மெக்கானிக் (ஓய்வு):
தம்பி சரியாச் சொல்றார். அதோட, அம்மா, ரெண்டு டெர்மினல்லயும் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கான்னு பாருங்க. இருந்தா வெந்நீர்ல ஆப்ப சோடா கரைச்சு ஊத்திப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சா போயிரும். அந்தத் தண்ணி செல்லுக்குள்ள மட்டும் இறங்கிறக் கூடாது, மூடியெல்லாம் இறுக்கிட்டு ஊத்துங்க. காய்ஞ்சதும் கிளாம்பை நல்லா முடுக்கி மேல வாசலின் தடவணும். இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் வயரையும் ஆட்டிப் பாக்கணும். டெர்மினல் லூஸா இருந்ததுக்குப் புது பேட்டரி வாங்கிட்டுப் போனவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

கழட்டுறப்ப முதல்ல நெகட்டிவ், மாட்டுறப்ப கடைசியில நெகட்டிவ். பாசிட்டிவ்ல ஸ்பேனர் இருக்கிறப்ப அது பாடியில பட்டாலும் நெகட்டிவ் கழண்டிருந்தா தீப்பொறி வராது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு யாராவது சொன்னா அதை நம்பி அப்பாவை ஏத்திட்டுக் கிளம்ப வேண்டாம். பேட்டரி அடியோட இறங்கிருச்சுன்னா இந்த வண்டியில பெட்ரோல் பம்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது.

திருமங்கலம் டீச்சர்:
ரொம்ப நன்றிண்ணே, ஐயா உங்களுக்கும். டெர்மினல்ல கொஞ்சம் பூத்திருந்துச்சு, சுத்தம் பண்ணிட்டேன். இன்னைக்குக் காலையில 11.9. செல்ஃப் அடிக்கிறப்ப 8.8-க்கு விழுந்துச்சு. கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணி, கேபிளைக் கழட்டின பிறகு 14.2. ரிவர்ஸ் கேமராவும் அதுக்கு ஒரு ஸ்கிரீனும் உண்டு, போன வருஷம் வெளிக் கடையில மாட்டுனது.

பழங்காநத்தம் எலக்ட்ரீசியன்:
14.2 நல்ல நம்பர், டைனமோவைத் தொட வேண்டியதில்ல. இனி கரண்டு கசிவைப் பாக்கணும். இதை நீங்களா பண்ண வேண்டாம், பக்கத்துல ஆட்டோ எலக்ட்ரீசியன் யாராவது இருந்தா கூப்பிடுங்க, பத்து நிமிஷ வேலைதான். நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வச்சுக் கோக்கச் சொல்லுங்க. சாவி வெளிய இருக்கணும், கதவெல்லாம் மூடியிருக்கணும், கொஞ்ச நேரம் விட்டுட்டுப் பாக்கணும். மீட்டர் கோத்திருக்கிறப்ப மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போயிரும். 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா நல்லது. கூடுதலா இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கிப் பாக்கச் சொல்லுங்க. எதைப் பிடுங்கினா நம்பர் விழுதோ அந்த லைன்லதான் கசிவு.

அதுவரைக்கும் பேட்டரியைக் கழட்டி ஒரு கடையில மெதுவா சார்ஜ் போடச் சொல்லுங்க. 35 ஏஎச்சுக்கு மூணரை ஆம்பியர் போதும். வேகமா ஏத்தினா சூடாகி, இருக்கிற ஆயுசும் போயிரும். முழுசா ஏறின பிறகு கேபிள் மாட்டாம ஒரு ராத்திரி வச்சுட்டு காலையில வோல்டேஜ் பாருங்க.

திருமங்கலம் டீச்சர்:
ரெண்டும் பாத்தாச்சுண்ணே. கசிவு 0.15 ஆம்பியர். கேமரா ஸ்கிரீன் வயரைக் கழட்டினதும் 0.02-க்கு வந்துருச்சு. சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற லைன்ல கொடுக்காம, எப்பவும் கரண்டு இருக்கிற லைன்ல கொடுத்திருக்காங்களாம். பேட்டரி முழு சார்ஜ் ஏறிச்சு, ஆனா எதுவும் மாட்டாமலே மறுநாள் காலையில 12.3 தான் காட்டுச்சு.

பழங்காநத்தம் எலக்ட்ரீசியன்:
அப்ப ரெண்டு கோளாறும் சேர்ந்திருக்கு. 0.15 ஆம்பியர் பாக்க அற்பமாத் தெரியும். 24 மணி நேரத்துக்குப் பெருக்குங்க, ஒரு நாளைக்கு 3.6 ஏஎச். ஏழு நாளைக்கு 25 ஏஎச்சுக்கு மேல. புது 35 பேட்டரியிலயே பத்துக்குக் கீழதான் மிஞ்சும், உங்களது நாலு வருஷப் பேட்டரி. திருமங்கலத்துலருந்து மதுரைக்குப் போய்த் திரும்புற நேரத்துல டைனமோ அந்த 25-ஐயும் திருப்பி ஏத்தவும் முடியாது. பேட்டரி வாரக்கணக்கா அரைகுறை சார்ஜுலயே கிடந்தா தகட்டுல சல்பேட் இறுகிப் போகும். அதனாலதான் இப்ப சார்ஜ் ஏறினாலும் நிக்கல. இதை மாத்தித்தான் ஆகணும்.

45 போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாருங்க. சனிக்கிழமை 20 ஏஎச் மிச்சம் இருந்திருக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆயிருக்கும், எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சிருப்பீங்க. ஆனா அந்தப் புதுப் பேட்டரியும் வாரா வாரம் பாதிக்குக் கீழ இறங்கி ஏறி, சீக்கிரமே போயிருக்கும். ஒழுகுற தொட்டிக்குப் பதிலா பெரிய தொட்டி கட்டுன மாதிரிதான். கசிவை அடைச்சாச்சு, இனி ஒரு வாரத்துக்கு மூணரை ஏஎச் கூட இறங்காது. 35 தாராளமாப் போதும்.

மேலூர் விவசாயி:
பெருசு போட்டா டைனமோ எரிஞ்சிரும்னு எங்க ஊர்ல சொல்வாங்க. எனக்கு அப்படி எதுவும் ஆகலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழங்காநத்தம் எலக்ட்ரீசியன்:
அது உண்மைதாண்ணே, எரியாது. டைனமோ வோல்டேஜைத்தான் நிலையா வச்சிருக்கும். எவ்வளவு கரண்டு வேணுமோ அதைப் பேட்டரி எடுத்துக்கும். உங்க வண்டியில பேட்டரி உக்கார்ற தட்டுல இடம் இருந்திருக்கும். ஆல்ட்டோவுல சிக்கல் அளவுதான். 38 பி 20-ன்னா பேட்டரி நீளம் ஏறக்குறைய 20 செ.மீ. கடையில 45-னு கொடுக்கிறது பெரும்பாலும் 46 பி 24, அது 24 செ.மீ. தட்டுல முழுசா உக்காராது, பிடிக்கிற கிளாம்பு சேராது. கிளாம்பு இல்லாத பேட்டரி நம்ம ரோட்டுப் பள்ளத்துல குதிச்சுக் குதிச்சுத் தகடு உதிர்ந்துரும், சாய்ஞ்சா டெர்மினல் பானெட்டுல படவும் வழி இருக்கு.

பைபாஸ் ரோடு பேட்டரி கடை:
நான் கடையில வேலை பாக்கிறவன், எந்த பிராண்டையும் சொல்லப் போறதில்ல. அழிஞ்சு போன எழுத்து எல் அல்லது ஆர். டெர்மினல் ரெண்டும் உங்க பக்கம் இருக்கிற மாதிரி பேட்டரியை வச்சுப் பாருங்க. பிளஸ் வலது கைப் பக்கம் இருந்தா எல், இடது கைப் பக்கம்னா ஆர். மாத்தி வாங்கிட்டா கேபிள் எட்டாது, இழுத்து மாட்டப் போய்த் திருப்பி மாட்டிட்டா ஃபியூஸ்லருந்து டைனமோ வரைக்கும் சேதாரம். டெர்மினல் தலையிலயும் மெல்லிசு, தடிமன்னு ரெண்டு வகை உண்டு. பேட்டரி வண்டியில இருக்கிறப்பவே மேலருந்து ஒரு போட்டோ எடுத்துக் கடையில காட்டுங்க, அதுக்கு மேல பேச்சே வேண்டாம்.

அடுத்தது தயாரிச்ச மாசம். கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு வேற, கடைக்காரரைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. கடையில சும்மா இருந்தாலும் பேட்டரி தானா இறங்கிட்டே வரும், நம்ம ஊர்ச் சூட்டுல இன்னும் வேகமா இறங்கும். மூணு மாசத்துக்குள்ள தயாரிச்சதாக் கேளுங்க. பில் போடுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு 12.5-க்கு மேல காட்டச் சொல்றதுல தப்பே இல்ல, நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.

வாரண்டி 48 மாசம்னு அட்டையில பெருசாப் போட்டிருக்கும். அதுல எத்தனை மாசம் இலவசமா மாத்தித் தர்றது, எத்தனை மாசம் தள்ளுபடி மட்டும் தர்றதுன்னு பிரிச்சுக் கேளுங்க. 24-ம் 24-ம்னா, ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா புதுசு சும்மா கிடைக்காது, விலையில ஒரு பங்கு தள்ளுபடிதான். பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும். 2025 செப்டம்பர் 22-லருந்து பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28-லருந்து 18 சதவீதம் ஆயிருச்சு, பில்லுல அதையும் பாத்துக்கங்க.

திருமங்கலம் டீச்சர்:
அந்தப் பாதி விலை பேட்டரி? அப்பா அதுவே போதும்ங்கிறார். பழைய பேட்டரியை என்ன பண்றது?

பைபாஸ் ரோடு பேட்டரி கடை:
அப்பாவை ஏத்திட்டுப் போற வண்டிக்கு அது வேண்டாம்மா. உள்ள எந்தத் தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு விக்கிறவருக்கும் தெரியாது. வாரண்டியும் அவர் வாய் வார்த்தைதான். பழசைப் புதுசு வாங்குற கடையிலயே கொடுங்க, உள்ள இருக்கிற ஈயத்துக்கு விலை உண்டு, பில்லுல கழிச்சுத் தருவாங்க. தெருவுல எடைக்குப் போட்டா ஆசிட்டை சாக்கடையில ஊத்திட்டு ஈயத்தை வெட்டவெளியில உருக்குறாங்க, பக்கத்துல விளையாடுற பிள்ளைகளுக்கு அந்த ஈயப் புகை விஷம். 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி தயாரிக்கிற கம்பெனிக்கே பழசைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புற பொறுப்பு இருக்கு.

டிப்போ மெக்கானிக் (ஓய்வு):
அம்மா, இன்னும் ஒண்ணு. கடையில சிசிஏ நம்பரைக் காட்டிக் கூடுதல் விலை சொல்லலாம். அது உறையுற குளிர்ல ஸ்டார்ட் பண்ற சக்தி. மதுரையில நமக்கு எதிரி வெயில்தான். சூட்டுல தகட்டுக் கம்பி அரிச்சுப் போகும், தண்ணி வத்தும். சித்திரை, வைகாசியில வண்டியை வெட்ட வெயில்ல நாள் முழுக்க நிறுத்தாம வேப்ப மர நிழல் கிடைச்சாலும் அங்க நிறுத்துங்க. மூடி திறக்கிற மாதிரி பேட்டரியா இருந்தா மாசம் ஒரு தடவை தண்ணி மட்டம் பாருங்க. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், போர் தண்ணியோ கேன் தண்ணியோ கூடாது, ஆசிட்டும் ஊத்தக் கூடாது.

திருமங்கலம் டீச்சர்:
35 ஏஎச், 38 பி 20 எல், தயாரிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை, வாங்கி மாட்டியாச்சு. கடையிலயே 12.6 காட்டினாங்க. ஸ்கிரீன் வயரை அந்த எலக்ட்ரீசியன் அண்ணன் சாவி லைனுக்கு மாத்திக் கொடுத்துட்டார். வாரம் பூரா நிறுத்திட்டு இன்னைக்குக் காலையில பாத்தேன், 12.5. செல்ஃப் அடிச்சப்ப 10.6-க்குக் கீழ இறங்கலை. பழசுக்கும் பில்லுல கழிச்சுக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் நன்றி, அப்பாவும் நன்றி சொல்லச் சொன்னார்.

பழங்காநத்தம் எலக்ட்ரீசியன்:
சந்தோஷம் தங்கச்சி. முடிஞ்சா வார நடுவுல ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. வாசல்ல நிறுத்தியே அஞ்சு நிமிஷம் ஆன் பண்ணி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, செல்ஃபுக்கு எடுத்ததையே அது சரியாத் திருப்பிப் போடாது.

உசிலம்பட்டி பக்கம்:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். என்னுது 2022 வேகன் ஆர், சிக்னல்ல இன்ஜின் தானா நின்னு தானா எடுக்கிற வகை. இதே 38 பி 20 போட்டுக்கலாமா?

பைபாஸ் ரோடு பேட்டரி கடை:
வேண்டாங்க. அந்த வகை வண்டிக்கு இஎஃப்பி பேட்டரி வரும். ஒரே பயணத்துல பல தடவை ஸ்டார்ட் ஆகுறதைத் தாங்குற மாதிரி தகடு செஞ்சிருப்பாங்க. விலை கூடத்தான், ஆனா சாதா பேட்டரி போட்டா அந்த வேலைக்குத் தாங்காம சீக்கிரம் போயிரும். இப்ப இருக்கிற பேட்டரி லேபிளைப் போட்டோ எடுத்துட்டுப் போய் அதே குறியீடு, அதே வகைன்னு கேட்டு வாங்குங்க.