மொட்டைமாடிக்கு மேல் உட்காராமலே சுற்றும் மஞ்சள் தட்டான்கள், முருங்கையில் ‘டக் டக்’: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முருங்கைவீடு (திருச்சி, உறையூர்)

வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவரை விட்டு நான் எங்கும் நகர முடியாது. மாலை ஐந்தே காலுக்கு எதிர்வீட்டு அத்தை வந்து அவர் பக்கத்தில் உட்காருவார். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விடுவேன்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து மாடிக்கு மேலே தட்டான் கூட்டம். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், கண்ணாடி மாதிரி இறக்கை. பத்திருபது அடி உயரத்தில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அறுபது வரை எண்ணினேன், அதற்கு மேல் முடியவில்லை. ஒன்றுகூடக் கொடிக்கம்பியில் உட்காரவில்லை. சின்ன வயதில் நாங்கள் பின்னாலிருந்து மெல்லப் போய்ப் பிடித்த தட்டான்கள் எல்லாம் கம்பியில் உட்காருமே! இவை வேறு வகையா? தெருக்கோடியில் நாலு காலி மனைகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அங்கிருந்துதான் வருகின்றனவா?

இன்னொன்று. பின்பக்க முருங்கையில் நான்கு நாளாக ‘டக்… டக்’ என்று ஒரு சத்தம். நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் வருமே, அப்படி. இலை அசைகிறது, பறவை தெரியவில்லை. போன மாதம் இந்தச் சத்தம் கிடையாது.

என்னிடம் பைனாகுலர் இல்லை. நான் கீழே இறங்கியதும் ‘என்ன பார்த்தே?’ என்று அப்பா கண்ணாலேயே கேட்பார். சரியான பேர் சொல்ல ஆசை.

கண்மாய்க்கரை (மதுரை)

அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது குளோப் ஸ்கிம்மர். உட்காராமல் மிதப்பதே பெரிய அடையாளம். பின் இறக்கை அகலமானது, அதனால் காற்றில் சறுக்கியே நேரத்தைக் கழிக்கும். பின் இறக்கை உடம்போடு சேருமிடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது வேறு வகை. ஒருமுறை அதை மட்டும் கவனியுங்கள்.

காலி மனை பற்றிய உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம். மழைக்குட்டையில்தான் இது முட்டையிடும், ஏனென்றால் அங்கே மீன் இருக்காது. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து பறந்துவிட வேண்டும் என்பதால் குஞ்சுப்பருவம் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீரில் வாலைத் தட்டித் தட்டிப் போவது முட்டையிடும் தட்டான். பளபளக்கும் கார் பானட்டைக்கூடத் தண்ணீர் என்று நம்பி அதில் இட்டுவிடும், பாவம்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நன்னீர் நிலைகளே அரிதான அந்தத் தீவுகளுக்கு வருடாவருடம் அக்டோபர் தொடங்கி இவை கூட்டமாக வருவதைக் கவனித்தார். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்வரும் மொத்தப் பாதை 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை, நான்கு தலைமுறை ஆகும். உங்கள் மாடியில் சுற்றுவதில் எது கடலைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு புரட்டாசியிலும் அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

அவை உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள். குச்சியிலோ கொடியிலோ செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் கிளம்பிவிடும்.

தோவாளைக்காரன் (நாகர்கோவில்)

எங்கள் பக்கத்து மலையாளிகள் இதைத் துலாத்தும்பி என்பார்கள். துலாம் அவர்களுக்கு ஐப்பசி. அந்த மாதத்தில் கூட்டமாகத் தெரிவதால் வந்த பேர்.

நாணல் (தஞ்சாவூர்)

முருங்கையில் இருப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவியாகத்தான் இருக்கும் அம்மா. பேரில் நாணல் இருந்தாலும் இங்கே வந்தால் முருங்கை, கொய்யா, வேலிச்செடி எல்லாம் அதற்கு வீடு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரை கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான்.

தையல்சிட்டோ என்று சந்தேகம் வரும். தையல்சிட்டு வாலைத் தூக்கி வைத்திருக்கும், உச்சந்தலை செம்பழுப்பு, குரலும் கணீரென்று தொடர்ந்து வரும். இது மேலெல்லாம் மங்கிய பழுப்பு, அடியில் வெளுப்பு, கண்ணுக்கு மேல் லேசான வெள்ளைக்கோடு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செப்டம்பரில் அந்த முதல் ‘டக்’ கேட்கும் காலை எனக்குப் பண்டிகை மாதிரி.

துரத்தாதீர்கள். மரத்தைப் பார்த்து அசையாமல் பத்து நிமிடம் உட்காருங்கள், அதுவாகவே ஓரக்கிளைக்கு வரும். அப்புறம், முடிந்தால் மார்ச் வரை அந்த முருங்கையைக் கழிக்காதீர்கள்.

முருங்கைவீடு (திருச்சி, உறையூர்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று காலை ஆறரைக்கு மாடி ஏறினேன். அவரைப் பந்தலில் மூன்று தட்டான்கள், தம்பி சொன்னபடியே தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்புத் திட்டு இல்லை. இறக்கையில் பனித்துளி. ஏழே காலுக்கு ஒவ்வொன்றாகக் கிளம்பின.

குருவியை இன்று பார்த்துவிட்டேன், மூன்று நொடி. கண்ணுக்கு மேல் அந்தக் கோடு இருந்தது. முருங்கையைக் கழிக்க ஆள் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று போன் செய்துவிட்டேன்.

அப்புறம் அப்பாவின் சக்கர நாற்காலியைப் பின்வாசல் வரை தள்ளி வந்து நிறுத்தினேன். இலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. வலது கையைக் கொஞ்சம் தூக்கி, நாக்கை மேலே தட்டி ‘டக்’ என்றார். நாளைக்கும் ஆறரைக்கு அங்கே உட்கார வைக்கப் போகிறேன்.