கொரியன் கடை, சிலோன் கடை, பர்மா கடை: சென்னையில உங்க அனுபவத்த சொல்லுங்க

மயிலை_மாமி:
என் பொண்ணு கொரியன் சீரியல் பைத்தியம், லாக்டவுன்ல ஆரம்பிச்சது இன்னும் விடல. அவளுக்காகத்தான் கீழ்ப்பாக்கம் பக்கம் இருக்கற ஒரு கொரியன் மளிகைக் கடைக்குப் போக ஆரம்பிச்சேன், இப்ப அவ வரலன்னாலும் நான் போறேன். பெரிய கடைன்னு நினைச்சுடாதீங்கோ, நம்ம தெரு அண்ணாச்சி கடை சைஸ்தான், எதிர்ல ஒருத்தர் கூடையோட வந்தா நாம ஒதுங்கி நிக்கணும். வெறும் நூடுல்ஸ் வாங்கறதுக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், அதெல்லாம் இப்ப எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் வந்தாச்சு. வெளிநாட்டு சாமான்னாலே சேமியர்ஸ் ரோடு அம்மா நானா கடைதான்னு இருந்த காலமெல்லாம் போயாச்சு. இங்க போறதுக்கு ஒரே காரணம் அங்க சாமான் வாங்க வர்ற கொரியன் பொம்மனாட்டிகள்தான்னு நான் சொல்லுவேன்.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில 1998ல கார் பண்ண ஆரம்பிச்சதுல இருந்து அந்த ஊர்க்காரா குடும்பம் குடும்பமா வந்து இங்கயே இருக்கா இல்லியா, அப்படி ஒரு அம்மாவ மிளகாப்பொடி அடுக்கு முன்னாடி பார்த்தேன். என் வயசு இருக்கும், வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையாம். நான் அரைக்கிலோ பாக்கெட்ட திருப்பித் திருப்பிப் பார்க்கறத கவனிச்சுட்டு "மேடம், காரம் கம்மி, கலர் நிறைய, உங்க ஊர் பொடி போட்டா எங்க வீட்ல அழுவாங்க"ன்னு தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரு போடு போட்டா. அது நிஜம்தான். கொச்சுகாருன்னு சொல்ற அந்த கொரியன் மிளகாப்பொடி, விதை எடுத்துட்டு கொரகொரன்னு அரைச்சது, நம்ம குண்டூர் மிளகா மாதிரி தூக்கி அடிக்காது. கிடைக்கலன்னா காஷ்மீரி மிளகாய கொஞ்சம் கரகரப்பா பொடிச்சுக்கலாம்னு அந்தம்மாவே சொன்னா, கடைக்கார பையன் கேட்டுண்டே நிக்கறான், கவலையே படல.

அப்புறம் நான் நல்லெண்ணெய் பாட்டில காட்டி இத்தனூண்டு பாட்டிலுக்கு இந்த விலையான்னு கேட்டேன். அவா எள்ள நன்னா வறுத்துட்டு ஆட்டறா, நம்ம செக்குல வறுக்காம கருப்பட்டி போட்டு ஆட்டறோம், அதான் வாசனை அப்படி தூக்கறது. தாளிக்கறதுக்கு இல்ல, இறக்கினப்புறம் மேல ஒரு சொட்டு. அவா ஊர் புளிக்க வெச்ச கோஸ் ஊறுகா, அதான் கிம்ச்சி, அத பத்தி கேட்டேன் பாருங்கோ, அங்கதான் அந்தம்மாவுக்கு உற்சாகமே வந்தது. சைனீஸ் கோஸ உப்பு போட்டு ஊற வெச்சு அலசி, அரிசிமாவுக் கஞ்சியில பொடி, பூண்டு, இஞ்சி எல்லாம் கலந்து தடவணுமாம். அவா ஊர்ல குளிர்ல மாசக்கணக்குல மெதுவா புளிக்கும், சென்னையில இட்லி மாவு மாதிரி ஒரு ராத்திரி வெளிய இருந்தாலே போறும், காலம்பற ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடணும், மே மாசம்னா ராத்திரி கூட ஜாஸ்தின்னா. எங்க வீட்ல சைவம். பாக்கெட் கிம்ச்சில பெரும்பாலும் மீன் சாஸோ உப்பு போட்ட இறாலோ இருக்கும், அதனால வீட்லயே பண்ணி அதுக்கு பதிலா சோயா சாஸ் விட்டுக்கறேன். பூண்டு வாசனைக்கு எங்காத்துக்காரர் ஹால விட்டு எழுந்து போயிடுவார், அது அவர் பிரச்சனை.

வளசை_வாசி:
மாமி சொன்ன மாதிரியேதான், ஆனா எனக்கு சிலோன் கடை. வளசரவாக்கம், போரூர் பக்கம் ஈழத்து ஆளுங்க நிறைய இருக்கறதால எங்க தெருமுனையிலயே ஒரு சின்னக் கடை இருக்கு, முன்னாடி மஞ்சி லெமன் பஃப், மலிபன் பிஸ்கட், எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் எல்லாம் அடுக்கியிருக்கும், உள்ள போனாதான் சரக்கு. மொதல்ல இடியாப்பத்துக்கு சிவப்பு அரிசி மா வாங்கப் போனேன், கல்லாவுல இருந்த அண்ணை "தங்கச்சி, இது வறுத்த மா, நல்லா கொதிச்ச தண்ணி விட்டுக் குழையுங்கோ, பச்சத்தண்ணி விட்டா சரிவராது"ன்னு சொல்லிட்டு, கறிக்கு என்ன தூள் போடுவீங்கள்னு கேட்டாரு. சாம்பார் பொடின்னேன். சிரிச்சுட்டாரு. யாழ்ப்பாணத் தூள்ல மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகு எல்லாத்தையும் கருகப்பிலையோட வறுத்தே திரிச்சிருப்பாங்க, அதனால குழம்புக்கு வேற பொடியே வேணாம், கடைசியா தேங்காப்பால் ஊத்தி இறக்கினா போதும். நான் இப்ப கத்திரிக்காய்க்கும் அதான், மீனுக்கும் அதான்.

ஒடியல் மா பாக்கெட்டும் வெச்சிருக்காரு. பச்சைப் பனங்கிழங்க காய வெச்சு இடிச்ச மாவு, தண்ணில ஊறப் போட்டு மேல்தண்ணிய கொட்டினாதான் கசப்பு போகும், அப்புறம் மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டைன்னு ஒரு சந்தையையே போட்டு கூழ் காய்ச்சுவாங்க. தனி ஆளா செஞ்சு குடிக்கற சாமான் இல்ல அது, பத்து பேர் சுத்தி உக்காந்தாதான் கூழ்னாரு அண்ணை. எங்க மாமியார் தூத்துக்குடிக்காரங்க, அங்க இருந்த மாசிய பார்த்ததும் "இது நம்ம ஊரு மாசிக் கருவாடுல்லா, இதுக்கா இங்க வந்தோம்"னு சத்தமா சொல்லிட்டு அதையே கால் கிலோ வாங்கினாங்க.

நைட்ஷிஃப்ட்_நண்பன்:
எல்லாரும் நல்லதையே சொல்றீங்க, நான் கொஞ்சம் குறை சொல்லிக்கறேன். ஓஎம்ஆர்ல ஒரு கடை, பேர் வேணாம். சாஸ் பாட்டில்ல கம்பெனி போட்ட தேதி மேலயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான், நகத்தால சுரண்டிப் பார்த்தா டேட் முடிஞ்சு போச்சு. கேட்டா "இம்போர்ட்டட் ஐட்டம் அப்படித்தான் ப்ரோ"ங்கறான். அப்படியெல்லாம் இல்ல. இம்போர்ட் பண்ணவங்க பேரு, அட்ரஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ (நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர், சைவம்னா பச்சைப் புள்ளி, அசைவம்னா பிரவுன் முக்கோணம், இதெல்லாம் பாக்கெட்ல இருக்கணும், இல்லன்னா எவனோ பெட்டியில போட்டு கொண்டு வந்ததுன்னு வெச்சுக்கோங்க. தேதியும் கொரியா, ஜப்பான் சாமான்ல வருஷம் முதல்ல வரும். 26.03.10னு இருந்தா 2026 மார்ச் 10, நம்ம ஊரு கணக்குல படிச்சா 2010க்கு போயிடுவீங்க. சைவம் சாப்பிடறவங்க ஜப்பான் மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) வாங்கும்போதும் பாருங்க, சிலதுல மீன் ஸ்டாக் கலந்தே வருது.

அப்புறம் அந்த புல்டாக்னு வர்ற கொரியன் கார நூடுல்ஸ். 2024ல டென்மார்க்ல காரம் ஓவர்னு அதுல மூணு வெரைட்டிய கடைய விட்டே எடுக்க சொன்னாங்க. என் அக்கா பையன் எட்டாவது படிக்கறான், அத தின்னுட்டு மேல ஊறுகா கேக்கறான்.

வடசென்னை_பையன்:
நம்ம பக்கமும் வாங்க தலைவா. எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவரு, 60கள்ல அங்க கடை கண்ணிய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னு கெளம்பி வந்த கூட்டம். பர்மா பஜார் 1969ல அவங்களுக்காகத்தான் வந்துச்சு, இப்ப அங்க போனா செல்போன் கவர்தான் விப்பாங்க, சாப்பாட்டு சாமான் வேணும்னா பீச் ஸ்டேஷன் எதிர் சந்துங்க, இல்ல வியாசர்பாடி பி.வி. காலனி. அத்தோன்னா பர்மா நூடுல்ஸ், பேஜோன்னா அது மேல நொறுக்கிப் போடற மொறுமொறு வடை மாதிரி. அத்தோ கடை அக்காகிட்டயே நூடுல்ஸும் பேஜோவும் தனியா கேட்டா கட்டிக் குடுப்பாங்க. வீட்ல கோஸ், வெங்காயம் பொடியா நறுக்கிப் போட்டு, பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணி, வறமிளகாத்தூள் ஊத்தி கையாலதான் பிசையணும், ஸ்பூன்ல கலக்கினா ஏறாது. நான் அத்தோவோட குடுக்கற வாழத்தண்டு சூப்புக்கு காசு வெச்சிக்கறீங்களான்னு கேட்டதுக்கு அந்த அக்கா மொறைச்சாங்க பாருங்க, "சூப்புக்கு எவன்டா காசு வாங்குவான்"னு.

வளசை_வாசி:
மாமி, கொரியன் கடையில விக்கற கொச்சுஜாங், அதான் அந்த மிளகா விழுது டப்பா, அது சைவம்தானா? என் தங்கச்சிக்கு கோதுமை ஒத்துக்காது, அதுக்கும் கேக்கறேன்.

மயிலை_மாமி:
மிளகாப்பொடி, ஒட்டரிசி, புளிக்க வெச்ச சோயா, உப்பு இதுதான் அடிப்படை, அதனால சாதாரணமா சைவம்தான். ஆனா கடை டப்பாவுல கோதுமையோ பார்லியோ ரொம்ப சகஜம், தங்கச்சிக்கு லேபிள் படிக்காம குடுத்துடாதே. போறதா இருந்தா வார நாள்ல காலம்பற போ. சனி ஞாயிறு அந்த சந்துல வண்டி நிறுத்த இடம் கிடையாது, எதிர்வீட்டு வாட்ச்மேன் சண்டைக்கு வருவான்.