வயதான சூப்பர் ஹீரோக்கள்: மனதை விட்டுப் போகாத காட்சி எது?

சேலம் வாசகர்:
'இன்கிரெடிபிள்ஸ்' (2004) கார்ட்டூன் படத்தின் கதை எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர் ஹீரோ வேலையை விட்டு 15 வருடம் சும்மா கிடந்த நாயகன் பாப், தொப்பையோடு தீவில் ரோபோவுடன் மோதுவார் இல்லையா? பாதிச் சண்டையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரோபோ அவரைப் பிடித்து இழுக்க, மளுக்கென்று முதுகு நேராகிவிடும். அந்த முகத்தில் வருகிற நிம்மதி! என் அப்பா மூட்டை தூக்கிப் பிழைத்தவர். டிவியில் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இவனுக்கு மட்டும் ஓசியில் சரியாயிடுச்சு பாரு" என்றார்.

கோவைக்காரன்:
கார்ட்டூன் என்பதால் சிரிக்கிறோம். 'லோகன்' (2017) பாருங்கள். வயதாகிவிட்ட சூப்பர் ஹீரோ உல்வரின் படிப்பதற்குக் கண்ணாடி தேடுகிறார். கையிலிருந்து நீளும் உலோக நகங்களில் ஒன்று முழுசாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ள, கையாலேயே பிடித்து இழுக்கிறார். தியேட்டரில் பையன்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் திரும்பி, "சும்மா இருங்கடா" என்றார். யாரும் அப்புறம் வாய் திறக்கவில்லை.

பழைய காமிக்ஸ் பிரியர்:
இந்தப் புலம்பலே வேண்டாம் என்றுதான் காமிக்ஸ் எழுத்தாளர் லீ ஃபாக் 1936-லேயே வழி சொல்லிவிட்டார். ராணி காமிக்ஸில் நாம் படித்த அவருடைய முகமூடி வீரர் மாயாவி (ஃபேன்டம்) 21-வது ஆள். அப்பா போனதும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான். காட்டு மக்களுக்கு அவர் சாகாதவர்.

கோவைக்காரன்:
அது முதுமையை மறைப்பது சார், ஏற்றுக்கொள்வது இல்லை. ஃப்ராங்க் மில்லரின் காமிக்ஸில் (1986) வரும் பேட்மேனுக்கு வயது 55. உடம்பு கெஞ்சினாலும் அதே ஆள்தான் மறுபடி கூரை ஏறுகிறார்.

திருச்சி அக்கா:
எனக்கும் அந்த ரோபோ காட்சிதான். ஆனால் சேலம் தம்பி, அப்பாவிடம் சொல்லிவையுங்கள்: இடுப்பு பிடித்தால் யாரையும் இழுத்துவிடச் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படிச் செய்து இரட்டிப்பு வலியோடு கிடந்தார். தண்ணீர் கேன் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பக் கூடாது. வலி வந்தால் நாள் முழுக்கப் படுக்காமல், முடிந்த அளவு மெதுவாக நடக்கலாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாப்கூட அப்புறம் ரயில் பெட்டிகளைத் தூக்கிப் பயிற்சி எடுத்துத்தான் உடம்பைத் தேற்றினார். அப்பா அந்த அளவுக்குப் போக வேண்டாம், தினமும் காலையில் நடந்தால் போதும்.