இந்த எகிப்திய ஓவியம் எதன் நகல்?

2019இல் கெய்ரோ கடைத்தெருவில் வாங்கிய பாப்பிரஸ் (நாணல் தாள்) ஓவியம், இரண்டடி அகலம். இறந்தவரின் இதயத்தை இறகுக்கு எதிரே வைத்து நிறுக்கும் காட்சி. தராசருகே நரித்தலைத் தெய்வம் அனுபிஸ். கணக்கெழுதுபவர் அரிவாள்மூக்கன் தலையுடைய தோத், நம் சித்திரகுப்தனேதான்! பக்கத்தில் பாவிகளின் இதயத்தை விழுங்கும் முதலைமுக அம்மித், வாயைப் பிளந்தபடி.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பழைய பாப்பிரஸ் சுருள்களின் படங்களோடு ஒப்பிட்டுவிட்டேன். ஹுனெஃபர் என்பவருக்காக எழுதப்பட்ட சுருளில் (சுமார் கி.மு. 1275) அனுபிஸ் இறந்தவரைக் கைபிடித்து அழைத்துவருகிறார், இதில் அப்படி இல்லை. அனி என்பவரின் சுருளில் அவர் மனைவி துது உடன் நிற்கிறாள். இதில் ஆண் தனியே குனிந்து நிற்கிறார். மேல்வரிசையில் ஒன்பது தெய்வங்கள். பெயருக்கான நீள்வட்டம் காலி. இணையப் படத்தேடல் அலங்காரப் பொருள் கடைகளிலேயே கொண்டுபோய் விடுகிறது.

இக்காட்சி எந்தப் பழஞ்சுருளிலிருந்து எடுக்கப்பட்டது?