கிட்டார் ஆம்ப்: கொடிவழி வேறு, காலகட்டம் வேறு

மார்ஷல் நிறுவனத்தின் 1959 என்ற ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) விற்பனைக்கு வந்தது 1965-இல். 1987 என்ற ஆம்பும் அறுபதுகளின் சரக்குதான். 1962 என்று ஒன்று, 1974 என்று ஒன்று. எல்லாமே விலைப்பட்டியலுக்கான மாடல் எண்கள். ஆண்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிட்டார் ஆம்ப் பற்றிய சொற்களுக்குத் தமிழ் தரும் நம் சொற்பட்டியலின் வரைவில் இவை 'காலம்' என்ற தலைப்பின்கீழ் உட்கார்ந்திருக்கின்றன. எண்களை இடம் மாற்றிவிடலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் 'லீனியேஜ்' (எந்த ஆம்பின் வழியில் வந்தது), 'எரா' (எந்தக் காலத்தது) இரண்டுக்கும் 'வகை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டினால் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வரும். எதை வைத்துப் பிரித்த வகை என்று 'வகை' சொல்லாது.

முதலாவதற்குக் கொடிவழி என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. அரசர்களின் வம்சத்துக்கு ஏற்கெனவே வழங்குகிற சொல்தான். ஆம்புக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் ஆலை பாஸ்மேன் ஆம்பைச் செய்துகொண்டிருந்தது. பேஸ் கிட்டாருக்கென்று செய்தது. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு, மின்சுற்றின் எண் 5எஃப்6-ஏ. லண்டனின் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும், அவரோடு வேலை பார்த்த கென் பிரானும் டட்லி கிரேவனும் 1962-இல் இந்தச் சுற்றைப் பார்த்துத்தான் ஜேடிஎம்45-ஐ உருவாக்கினார்கள். இரண்டின் சுற்றுப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு; அதில் முதலாவதைப் பாருங்கள். ஃபெண்டரில் 12ஏஒய்7, அதன் பெருக்கக் காரணி 44 அளவில். மார்ஷலில் அதே இடத்தில் ஈசிசி83, அதற்கு 100. உள்ளே வரும் சிக்னல் தொடக்கத்திலேயே கூடுதலாகப் பெருகிவிடுவதால், அடுத்தடுத்த வால்வுகள் சீக்கிரமே திணறிக் கரகரக்கும். இதோடு இங்கிலாந்தில் கிடைத்த டிரான்ஸ்பார்மர்கள், மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கு. பிற்பாடு இஎல்34 வால்வும் வந்து சேர்ந்தது. நாடு வேறு, பத்தாண்டு வேறு, பார்வைக்கும் வேறு. ஆனாலும் கொடி ஒன்றே.

இதற்கு நேர்மாறானதையும் பாருங்கள். ஃபெண்டரே 1964-இல் கறுப்பு முகப்போடு விற்ற பாஸ்மேனின் சுற்று ஏஏ864. பழைய பாஸ்மேனில் இரண்டு பெருக்க நிலைகளும் ஒரு கேத்தோடு பின்பற்றியும் (சிக்னலைப் பெருக்காமல் அடுத்த பகுதிக்குக் கடத்தும் நிலை) தாண்டிய பிறகுதான் டோன் கட்டுப்பாடு வரும். புதியதில் முதல் நிலை முடிந்ததுமே வந்துவிடுகிறது. கம்பெனியும் ஒன்று, பெயரும் ஒன்று, கொடி மட்டும் வேறு. பெயரை நம்பி வரிசைப்படுத்தினால் இந்த ஆம்பை மார்ஷலின் தாத்தாவாக்கிவிடுவோம்.

சரி, 'எரா'வுக்குக் காலகட்டம் போதாதா? போதும். ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் 'பிளாக்ஃபேஸ் எரா', 'சில்வர்ஃபேஸ் எரா' என்று சொல்லும்போது உண்மையில் சுட்டுவது முன்பலகையின் நிறத்தைத்தான். 1967-இல் பலகை வெள்ளி நிறத்துக்கு மாறத் தொடங்கியபோது உள்ளே சுற்றும் கூடவே மாறிவிடவில்லை. ஃபெண்டரின் தொடக்ககால வெள்ளி முகப்பு ட்வின் ரிவெர்ப் ஆம்பில் இருந்தது அதே ஏபி763 சுற்று. பெரிய மாடல்களில் சுற்று மாற்றங்கள் 1968-இல் புகுந்தன. பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்ற சிறியவை அதிகம் மாறாமலே பல ஆண்டுகள் ஓடின. ஆகவே நிறத்துக்கென்று மூன்றாவதாக ஒரு தலைப்பு வேண்டும். 'தோற்றம்' வேண்டாம், பிறப்பிடம் என்றும் பொருள் தந்து கொடிவழியோடு மோதும். 'முகப்பு' என்று வைக்கலாம். ட்வீட் துணி போர்த்தியவற்றையும் அதிலேயே அடக்கிவிடலாம், கொஞ்சம் நீட்டிப் பொருள்கொண்டால்.

ஏபி763 என்ற குறியீட்டிலேயே ஒரு தேதி ஒளிந்திருக்கிறது: 7 என்பது ஜூலை, 63 என்பது 1963. அதனால் இதைக் காலகட்டத்தில் போட வேண்டும் என்று வாதாடலாம். நான் ஏற்க மாட்டேன். அது படம் வரைந்த தேதி, ஆம்ப் செய்த தேதி அல்ல. தொண்ணூறுகளில் வந்த '65 ட்வின் ரிவெர்ப்' மறுவெளியீட்டில் கையால் கம்பி இழுத்துப் பற்றவைத்த பலகை இல்லை, அச்சிட்ட சுற்றுப்பலகைதான் இருக்கிறது. ஆனால் சுற்று அதே வழியில் வந்தது. மூன்று தலைப்பும் இருந்தால் எளிதாக எழுதிவிடலாம்: கொடிவழி ஏபி763, காலகட்டம் தொண்ணூறுகள், முகப்பு கறுப்பு. ஒரே தலைப்பில் இதை எங்கே வைப்பீர்கள்?

மார்ஷலின் ஜேசிஎம்800-இன் கதையும் இதுதான். 1981-இல் வந்த வரிசைப் பெயர் அது. அதற்குள் 1975-இலேயே பிறந்துவிட்ட 2203 இருக்கிறது; பழைய 1959-ம் அதே பட்டையைக் குத்திக்கொண்டு விற்றது; டையோடு வைத்துச் சிக்னலை வெட்டும் 2205-ம் அங்கேதான். 'ஜேசிஎம்800 ஒலி' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2203-ஐத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

கொடிவழிக்குப் பதிலாக வந்த மற்ற முன்மொழிவுகள். மரபுவழி என்றால் 'மரபுவழி ஆம்ப்' பழைய பாணி ஆம்ப் என்று ஆகிவிடும். கால்வழி நல்ல சொல், எனக்கும் பிடிக்கும்; ஆனால் காலகட்டத்துக்குப் பக்கத்தில் அச்சானால் கண் தடுக்கும். சுற்றுவழி கச்சிதமாக இருக்கிறது, படிக்கிறவர்தான் பஸ் சுற்றிப் போகிறது என்று நினைப்பார். அப்புறம், ஆம்பையே பெருக்கி என்பதா, இலங்கைப் பாடநூல் வழக்கில் விரியலாக்கி என்பதா என்ற சண்டையை இதில் இழுக்க வேண்டாம். ஒலிபெருக்கி மட்டும் கூடாது, அது திருவிழாக் குழாயைத்தான் நினைவூட்டும். இப்போதைக்கு ஆம்ப் இருக்கட்டும்.

கொடி கிளைக்கும், இரண்டு கொடி ஒன்றாகிவிடாதே என்ற ஆட்சேபம் வலுவானது. சுவடிப் பதிப்பில் இதே சிக்கல் உண்டு. ஓலையின் வயதைவிட எந்தப் படியைப் பார்த்து எழுதியது என்பதைத்தான் பதிப்பாசிரியர் தேடுவார். ஒருவரே இரண்டு படிகளை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் பாடங்கள் கலந்திருக்கும். அதற்காகச் சுவடிகளுக்கு உறவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆம்பிலும் முன்பெருக்கிக்கு (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) ஒரு கொடிவழி, திறன்பெருக்கிக்கு (ஸ்பீக்கரை இயக்கும் பகுதி) ஒரு கொடிவழி என்று இரண்டு குறிப்பு கொடுத்துவிடலாம். மீசா பூகி என்ற ஆம்ப் கம்பெனிக்கு இது கட்டாயம் வேண்டும். அதை நிறுவிய ராண்டல் ஸ்மித் ஃபெண்டர் பிரின்ஸ்டனைத் திருத்தித் தொடங்கிய மார்க் வரிசை ஃபெண்டர் கொடி. அதே கம்பெனி தொண்ணூறுகளில் கொண்டுவந்த ரெக்டிஃபையரின் முன்பெருக்கியோ 1987-இல் வந்த சோல்டானோ கம்பெனியின் எஸ்எல்ஓ-100 ஆம்பை ஒட்டியது.

டிரான்சிஸ்டர் ஆம்பான ரோலண்ட் ஜேசி-120-ஐ இந்த வால்வுக் கொடி எதிலும் ஏற்ற வேண்டியதில்லை. தனி வேர் என்று எழுதிவிடலாம்.

எனக்கு முடிவெடுக்க முடியாதது வாக்ஸ் கம்பெனியின் ஏசி30 ஆம்ப் மட்டும்தான். நான்கு இஎல்84 வால்வு, எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது) கிடையாது. அதுவரை தகராறில்லை, தனிக் கொடி. ஆனால் டாப் பூஸ்ட் என்பது முதலில் பின்பலகையில் தனியாகப் பொருத்திய, ட்ரெபிளையும் (உயர் ஒலி) பேஸையும் (தாழ் ஒலி) கூட்டிக் குறைக்கும் சுற்று. பிறகு ஆம்புக்குள்ளேயே வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் நகலெடுத்ததும் பெரும்பாலும் அதைத்தான். அதைக் கிளை என்று எழுதுவதா, புதிய கொடி என்றா? நான் கிளை என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அடுத்த வரைவில் திருத்திவிடலாம்.